பொட்டு வைக்காத வண்டி

1

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வால்டரிடமிருந்து செய்தி வந்தது. "ப்ரிட்செட் எப்படி இருக்கிறார்?" என்று ஒரே வரி. ப்ரிட்செட் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது வால்டருக்கும் நன்றாகத் தெரியும். அவர் விசாரித்தது ஆளை இல்லை, அட்டையை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வட கரோலினாவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மற்ற பெண்கள் ஓய்வு நேரத்தில் தோட்டம் போடுகிறார்கள், நடனம் கற்றுக்கொள்கிறார்கள். நான் பழைய கார் பந்தய அட்டைகளைச் சேர்க்கிறேன். என் கணவர் அந்தோணி, விருந்தாளிகள் வந்தால் முதலில் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இந்தப் பக்கத்தில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ரோட்டில் போகிற சாதாரணக் கார் மாதிரிதான் இருக்கும். உள்ளே எல்லாவற்றையும் மாற்றி வைத்திருப்பார்கள். நீள்வட்டமாக ஒரு பாதை போட்டு, அதிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். ஒரு காலத்தில் இந்த டிரைவர்களின் படம் போட்ட அட்டைகள் சூயிங்கம் பாக்கெட்டிலும் ரொட்டிப் பாக்கெட்டிலும் இலவசமாக வந்தன. உள்ளங்கை அகலம். முன்பக்கம் காரும் ஆளும். பின்பக்கம் இன்ஜின் விவரம், வண்டியின் எடை, டிரைவரின் சொந்த ஊர், எத்தனை முறை ஜெயித்தார் என்ற கணக்கு. அன்றைக்கு இருந்த பிள்ளைகள் அவற்றைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி, படபடவென்று சத்தம் வர ஓட்டித் தேய்த்துவிட்டார்கள். அதற்குத் தப்பிப் பிழைத்தவற்றைத்தான் என்னைப் போன்றவர்கள் இன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறோம். விலை மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் என் தங்கை படித்துவிட்டுப் போன் போடுவாள்.

வால்டரின் செய்திக்கு நான் பதில் போடவில்லை. ஒரு வருஷமாகவே போடுவதில்லை. அதற்கான காரணத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் அப்பா வெள்ளையன், மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் ஜீப் ஓட்டினார். மலைக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஒரு நாளைக்கு இரண்டு நடை, சந்தை நாளில் மூன்று. பஸ் வருவதும் வராததும் அதன் இஷ்டம். ஆகவே பிரசவம், பள்ளிக்கூடம், புளி மூட்டை, பலாப்பழம், போலீஸ் கேஸ் எல்லாம் ஜீப்பில்தான் இறங்கும். நான் பிறந்ததே பாதி வழியில், அப்பாவின் ஜீப்பில் என்று அம்மா சொல்வார். அப்பா அதை மறுப்பார். செக்போஸ்டைத் தாண்டிவிட்டதால் அது பாதி வழி ஆகாது என்பது அவர் கட்சி.

ஜீப் ஸ்டாண்டில் ஆள் சேர்கிற வரைக்கும் அப்பா நிற்கிற நிலை ஒன்று உண்டு. ஒரு கால் தரையில், ஒரு கால் பம்பர் மேல், தோளில் துண்டு, முழங்கை பானெட்டில். உலகத்தில் எந்த அவசரமும் இல்லாத மாதிரி நிற்பார். ஆனால் கண் மட்டும் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

இங்கே வந்த மூன்றாவது வருஷம், ஒரு சனிக்கிழமை, மீன் வறுக்க இரும்பு வாணலி தேடிக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். வாணலிக்குப் பக்கத்து மேஜையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் வால்டர். அட்டைகள் நடுவே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைக்கார அப்பா. சிவந்த மூஞ்சி, காது மேல் பென்சில். ஆனால் ஒரு கால் பம்பர் மேல், தோளில் துண்டு, முழங்கை பானெட்டில். கண் எங்கேயோ எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது. அர்லோ ப்ரிட்செட் என்று பெயர் போட்டிருந்தது. பின்பக்கம் திருப்பினேன். தொழில்: பன்றிப் பண்ணை. மெக்கானிக்குகள்: மச்சான்கள் இருவர். வெற்றி: இல்லை.

வாணலி வாங்க வைத்திருந்த காசில் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மீன் குழம்பாகத்தான் ஆயிற்று. அப்புறம் ஒன்று, இரண்டு என்று வந்து, பத்து வருஷத்தில் ஒரு ஆல்பம் நிறைந்தது. ஜெயித்த டிரைவர்களின் அட்டைகளும் என்னிடம் உண்டு. ஆனால் ஆளுக்கு முன்னால் நான் பார்ப்பது வண்டியை. மலைப்பாதையில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து யாருடைய ஜீப் என்று சொல்லி வளர்ந்தவள் நான். இந்த அட்டைகளில் சத்தம் இல்லாத குறையை நானே நிரப்பிக்கொள்வேன்.

3

ப்ரிட்செட்டுக்கு இன்னொரு அட்டை உண்டு. அதுதான் வால்டரின் தூக்கத்தைக் கெடுப்பது. உள்ளூர் ரொட்டிக் கம்பெனி ஒன்று தன் ரொட்டியோடு கொஞ்ச நாள் கொடுத்தது. ஜெயித்தவன் படம் வந்தால் பிள்ளைகள் பத்திரப்படுத்தினார்கள், ப்ரிட்செட் வந்தால் எறிந்துவிட்டார்கள். அதனால் ஜெயித்தவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், தோற்ற ப்ரிட்செட் கிடைப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நியாயம் இது ஒன்றுதான்.

எனக்கு அது கிடைத்தது ஒரு சமையல் குறிப்புப் பெட்டியில். தேவாலயத்தில் ஏழைகளுக்காக நடத்திய விற்பனையில், இறந்துபோன யாரோ ஒரு அம்மாளின் பெட்டியை ஊறுகாய்க் குறிப்புக்காக வாங்கினேன். ஊறுகாய்க்கும் கேக்குக்கும் நடுவே அடையாளத்துக்காக ஒரு அட்டையைச் செருகி வைத்திருந்தார். வெளிச்சமும் காற்றும் படாமல், முனை மழுங்காமல், நேற்று ரொட்டியோடு வந்த மாதிரி இருந்தது. அதே காலும் துண்டும்தான்; அது வந்ததும், சந்தையில் வாங்கிய முதல் ப்ரிட்செட்டை ஆல்பத்திலிருந்து எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வால்டரிடம் காட்டினேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். தரச் சான்று மட்டும் வாங்கிவிட்டால், தன் அலமாரியில் நான் கேட்கிற எதையும் எடுத்துக்கொண்டு அதைத் தரலாம் என்றார்.

தரச் சான்றுக்கென்றே இங்கே நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டையை அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசல்தான் என்று எழுதிக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஒரு படிவம். அட்டை எங்கிருந்து வந்தது, இதற்கு முன் யாரிடம் இருந்தது, அதன் பரப்பில் பிற்பாடு ஏதாவது சேர்க்கப்பட்டதா. அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானே அப்படி ஒரு சான்றுக்காகக் காத்துக் கிடந்தவள்தான்.

நர்ஸிங் சேர்வதற்கு எனக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நாங்கள் அசல் மலைக்காரர்கள்தானா என்று பார்க்க ஒரு அதிகாரி மேலே வந்தார். அப்பாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். கல்யாணத்துக்கு என்ன செய்வீர்கள், சாவுக்கு என்ன செய்வீர்கள் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சாவு வூட்ல வருஷம் திரும்பற வரிக்கும் நல்லது எதுவும் செய்ய மாட்டோம் சார். வண்டிக்குப் பொட்டுகூட வெக்க மாட்டோம்."

"வண்டி எப்பய்யா வந்தது உங்க மலைக்கு? இதெல்லாம் பழைய வழக்கமா?" என்று அதிகாரி சிரித்தார்.

அப்பாவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த வருஷம் நான் கல்லூரி சேரவில்லை. அடுத்த வருஷம்தான் மலையை விட்டு இறங்கினேன்.

4

போன வருஷம் ஆவணியில் அப்பா இங்கே வந்தார். அம்மா தவறி நாலு வருஷம், ஜீப்பை விற்று மூன்று வருஷம். விசாவுக்குச் சென்னையில் வரிசையில் நின்றார். பிறந்த தேதி கேட்டார்களாம். பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லிவிட்டு, "அது வாத்தியாரு போட்டது சார்" என்று தானாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதையும் மீறி விசா கொடுத்தார்கள். ஆறு மாதம் இருப்பதாகத் திட்டம். பெட்டியில் சாமை அரிசி, புளி, ஒரு பொட்டலம் சந்தனத்தூள், ஒரு பொட்டலம் குங்குமம். சுங்கத்தில் எதையும் திறந்து பார்க்கவில்லை, பார்த்திருந்தால் குங்குமத்துக்கு நான் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

என் மகள் கிளாராவுக்குப் பதினாறு வயது. கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்த காலம் அது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்வாள், கதவு மூடும். அப்பா வந்ததும் கதவு கொஞ்சம் திறந்தது. அந்தோணி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அப்பா பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

"கிளட்ச்சே இல்லியே. இத்த ஓட்டறதுக்கு டிரைவரு எதுக்கு?" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்ன சொன்னார் என்று என்னிடம் வந்து கேட்பாள். அந்தச் சாக்கில் நாங்களும் பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஆல்பத்தைக் காட்டினேன். மனதுக்குள் பயம்தான், இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்று. அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு அட்டையையும் முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் திருப்பி, நம்பரையும் இன்ஜினையும் எடையையும் என்னைப் படிக்கச் சொன்னார்.

"ஆர்.சி. புக்கு மாதிரி கீது பாப்பா," என்றார். "எல்லா வெவரமும் போட்டுக்கிறான். எத்தினி வண்டி?"

"நாப்பத்தி ஒண்ணு."

"இத்தினி வண்டி நம்ம ஸ்டாண்டுலயே இல்ல," என்று தலையை ஆட்டினார். ஒரே இடத்தில் சுற்றுகிற பந்தயம் என்றதும் மட்டும் முகம் சுருங்கியது. "பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு இம்மாம் வேகம்?"

"நீங்க மட்டும் இன்னா பண்ணீங்க? மலை, திருப்பத்தூரு, திருப்பத்தூரு, மலை."

"ஆளு ஏத்தினு போனேன் இல்ல," என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் ரொட்டி அட்டை. ப்ரிட்செட்டின் காலையும் துண்டையும் முழங்கையையும் அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து உங்கள் நினைவாகத்தான் இதையெல்லாம் சேர்க்கிறேன் என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"இந்தாளு கீறாரா?"

"இல்லப்பா. இந்த ஜூன்லதான் போய்ட்டாரு. பேப்பர்ல போட்டிருந்தான்."

அப்பா நாக்கால் 'த்சொ' என்றார். "வூட்ல யாரு கீறாங்க?"

"ஒரே பொண்ணாம்."

ஆல்பத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

5

போன வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு எனக்கு வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வீடு திரும்பினேன். வாசலில் அந்தோணியின் கார் கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும், கண்ணாடியில் மூன்று பட்டையுமாக நின்றிருந்தது. கிளாராவின் சைக்கிளுக்குப் பொட்டு. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பொட்டு. தையல் இயந்திரம், மிக்ஸி, என் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எல்லாவற்றுக்கும் பொட்டு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் என் ஆல்பம் திறந்திருந்தது. அட்டைகள் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பானெட் நடுவில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். அளவாக, அழகாக, ஒன்று போல இருந்தன. ஈரம் ஊறி அட்டை உப்பியிருந்தது. ரோஜாத் தண்ணீர் விட்டுக் கரைத்திருக்கிறார், வாசனை கூடமெங்கும் அடித்தது.

ஸ்டாண்டில் ஆயுத பூஜை என்றால் வண்டிக்கு மட்டும் இல்லை, ஆர்.சி. புக்குக்கும் லைசென்ஸுக்கும் பொட்டு உண்டு. அப்பாவின் ஆர்.சி. புக் அட்டை வருஷா வருஷம் பட்ட மஞ்சளில் ஊறிப் போயிருக்கும். அது எனக்குத் தெரியாததா? அவருக்கு நான் காட்டியது நாற்பத்தொரு ஆர்.சி. புக். மகளின் வண்டிகள் வெறும் நெற்றியோடு கிடக்க அவருக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வா பாப்பா. முடிச்சிட்டேன்," என்றார் அப்பா. விரலெல்லாம் சிவப்பு. "கடசியில ஒண்ணு மட்டும்..."

அவர் வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? யாரக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்தினேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "எங்க போனாலும் மலைக்காட்டு ஆளு புத்தி போவுமா?" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வார்த்தை என்னுடையது இல்லை. கீழே ஹாஸ்டலில் சாமைச் சோறு கொண்டு போய் வைத்த அன்றைக்கு என் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் அப்பாவை ஓரமாக ஜீப்பை எடுக்கச் சொன்னவர்கள் சொன்னது. அந்த வார்த்தை கேட்காத தூரத்துக்குப் போக வேண்டும் என்றுதான் முதலில் வளைகுடாவுக்கும் அப்புறம் இங்கேயும் வந்தேன். இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து, அதை என் அப்பாவின் முகத்தில் நானே எறிந்தேன்.

அப்பா விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கிளாரா மேஜைக்கு அந்தப் பக்கம் குங்குமத் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நான் அட்டைகளை வாரி ஆல்பத்துக்குள் திணித்து, எதையும் திரும்பிப் பார்க்காமல் துணி அலமாரியின் மேல்தட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

6

மூன்றாம் நாள் அப்பா அந்தோணியிடம், "டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா தம்பி? சாமை அறுப்பு வருது," என்று கேட்டார். சாமை அறுப்பை என் தம்பிதான் பார்க்கிறான். அது அப்பாவுக்கும் தெரியும், அந்தோணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் டிக்கெட்டை மாற்றினோம். விமான நிலையத்தில் "போய்ட்டு வர்றேன்" என்று அந்தோணியைப் பார்த்துச் சொன்னார். கிளாராவின் தலையைத் தொட்டார். நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வேன். "நல்லாகீறியா, சாப்ட்டியா, பாப்பா படிக்குதா, சரி வெச்சிடட்டா" என்று நாலே வார்த்தை. ஆல்பத்தைப் பார்த்த பிறகு இங்கே இருந்த நாட்களில், எந்த வண்டி புதுசாக வாங்கினாய் என்று கேட்பார். அதாவது, அட்டை. இப்போது வண்டி என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்க நான் பலமுறை வாயைத் திறந்தேன். எங்கள் பேச்சில் அதற்கு என்ன வார்த்தை போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருபது தடவை 'ஸாரி' சொல்கிறேன். அதை அப்பாவிடம் கொண்டுபோய் வைத்தால் ஊசி குத்துவதற்கு முன்னால் சொல்வது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

கிளாராவின் கதவும் மறுபடி மூடிக்கொண்டது. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள், வருகிறாள். பூஜையன்று சாயங்காலம், அகராதியில் பார்த்துவிட்டு வந்து அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, மலைக்காட்டு ஆள் என்பதில் திட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான். உனக்குப் புரியாது என்றேன். புரிந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

7

வால்டருக்கு இனியும் பதில் போடாமல் இருப்பது அநாகரிகம். பொட்டோடு ப்ரிட்செட்டைப் படம் எடுத்து அனுப்பி, பாருங்கள், போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை எனக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் இந்த வருஷத்து ஆயுத பூஜை. வேண்டுமென்று அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

ஆறு மணிக்கு ஆல்பத்தை இறக்கினேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது ரோஜாத் தண்ணீர் வாசனை லேசாக வந்தது. வரிசையாகப் பொட்டு வைத்த வண்டிகள். சிலதில் சந்தனம் உதிர்ந்து மஞ்சள் வட்டம் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

ப்ரிட்செட் சுத்தமாக இருந்தார். உறையை விட்டு வெளியே எடுத்த அடையாளமே இல்லை. பானெட் வெறுமனே பளபளத்தது. நான் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கிளாரா பின்னால் வந்து நின்றாள்.

"அது தாத்தா வேணாம்னு சொன்னாங்க," என்றாள், அவளுடைய தமிழில். "நான் தட்டு புடிச்சேன் இல்ல. லாஸ்ட் கார்டு எடுக்கப் போனேன். இது இந்த வருஷம் கூடாது, இவங்க வீட்ல டெத்னு சொன்னாங்க. நெக்ஸ்ட் இயர் வெக்கலாம்னு."

"இத ஏன் எங்கிட்ட நீ சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு இந்த அட்டையின் விலை தெரியாது. வால்டரைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, இந்தாள் ஜூன் மாதம் செத்துப் போனார், வீட்டில் ஒரே பெண், துக்கம் இன்னும் முடியவில்லை என்பது. கடல் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு பன்றிப் பண்ணைக்காரருக்காக அப்பா துக்கம் அனுசரித்திருக்கிறார். வண்டி எப்போ வந்தது என்று கேட்டுச் சிரித்த அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பக்கத்தில் என் முகமும் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். கிளாரா பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கு லேட்டாகும் என்றேன். ஆகட்டும் என்றாள்.

8

இங்கே காலை ஏழு என்றால் அங்கே சாயங்காலம் நாலரை. அப்பா ஸ்டாண்டில் இருப்பார். ஜீப் இல்லாவிட்டாலும் பூஜைக்கு அவர்தான் முன்னால் நிற்பார். போனை மேஜையில் வைத்து, கிளாராவுக்கும் கேட்கிற மாதிரி போட்டேன். அந்தப் பக்கம் யாரோ பொரி கேட்கிற சத்தம், ஒரு ஹாரன் சத்தம்.

"நல்லாகீறியா? சாப்ட்டியா?" என்றார்.

"அப்பா, ஆல்பத்த எடுத்தேன்."

நடக்கிற சத்தம் கேட்டது. சிக்னலுக்காகப் புளியமரத்தடிக்கு வருகிறார் என்று தெரிந்தது.

"அந்தக் கடசி வண்டி," என்றேன்.

"அந்தாளு வூட்ல வருஷம் திரும்பிச்சா?" என்று அப்பா கேட்டார்.

"திரும்பிடுச்சுப்பா. ஜூன்லயே."

"அப்ப வெச்சிடு."

"அப்பா, நான் அன்னிக்கிச் சொன்னது தப்புப்பா."

ஒரு ஜீப் புறப்பட்டுப் போகிற சத்தம். இரண்டாவது கியர் விழுந்தது.

"ஆமா," என்றார். "தப்புதான்."

பரவாயில்லை என்றோ, அதெல்லாம் மறந்துவிட்டேன் என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லாததில் எனக்கு ஒரு வருஷத்து மூச்சு வெளியே வந்தது. தப்பு என்று ஒப்புக்கொண்டதை அப்பா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதால்தான் அது என்னை விட்டுப் போயிற்று.

"சந்தனம் கரைச்சியா?" என்றார் அடுத்து.

சமையலறை அலமாரியில் அவர் விட்டுப் போன பொட்டலங்கள் இருந்தன. கிளாரா கிண்ணம் கொண்டுவந்தாள். மேஜையில் ஒரு பக்கம், ஆல்பத்தோடு சேர்ந்து இறங்கியிருந்த, போன வருஷம் பூர்த்தி செய்து அனுப்பாமல் வைத்த தரச் சான்றுப் படிவம் கிடந்தது. பரப்பில் பிற்பாடு ஏதாவது சேர்க்கப்பட்டதா என்ற கேள்விக்கு எதிரே இல்லை என்று டிக் அடித்திருந்தேன். அதை எடுத்து மடித்துக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். சந்தனம் மேஜையில் சிந்தாமல் இருக்க அது உதவியது.

"தண்ணி கம்மியா வுடு. ஊறிடப் போவுது," என்று அப்பா போனில் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில், போன வருஷம் நாற்பது அட்டை உப்பியதை அவரும் கவனித்திருந்தார் என்று தெரிந்தது. "மொதல்ல சந்தனம். அது மேல குங்குமம். கண்ணாடி மேல படாம, பானெட்டு நடுவுல."

மோதிர விரலால் தொட்டு வைத்தேன். வட்டம் சரியாக விழுந்தது. தினமும் நரம்பில் ஊசி ஏற்றுகிற கை. கிளாரா குங்குமத்தை வைத்தாள், கோணலாக. ப்ரிட்செட் ஒரு காலைப் பம்பர் மேல் வைத்தபடி, துண்டோடு, ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"எலுமிச்சம்பழம் கீதா? சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்து."

"அது அட்டைப்பா. எப்பிடி ஏத்தறது?"

அப்பா சிரித்தார். ஒரு வருஷமாகக் கேட்காத சிரிப்பு. கிளாரா போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "தாத்தா, என் கார்ல ஏத்தறேன்," என்றாள்.

"ஏத்து. வந்து பாக்கறேன்," என்றார் அப்பா.

எப்போது வருகிறார் என்று நான் கேட்கவில்லை. வாசலில் கார் கிளம்பி எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. அன்றைக்கு மத்தியானம் வால்டருக்குப் பதில் எழுதினேன். ப்ரிட்செட் நன்றாக இருக்கிறார், அவருக்குத் துக்கம் முடிந்துவிட்டது, இனிமேல் அவர் எங்கள் ஸ்டாண்டு வண்டி என்று.